நாலு மணி மாத்திரை

குண்டூர்ப் பக்கத்து மிளகாய்க் காடுகளில் நாலு மணிக்கு டீ வரும். டீ வாளியைத் தூக்கி வருகிறவனின் சட்டைப் பையில் மாத்திரை அட்டைகள் இருக்கும். மிளகாய்ப் பழம் பறிக்கும் பெண்கள் ஒரு கையில் டம்ளரை வாங்கிக்கொண்டு மறு கையை நீட்டுவார்கள். ஆளுக்கு ஒரு மாத்திரை. வாயில் போட்டு, டீயை ஊற்றி விழுங்கிவிட்டு, மறுபடி குனிவார்கள். கொஞ்ச நேரத்தில் இடுப்பு இருப்பது மறந்துபோகும். இருட்டும்வரை இன்னொரு வரிசை ஓடும்.

"நம்ம பாதிரியார் ஞாயித்துக்கிழமை மட்டும்தான் அப்பம் குடுக்கறாரு. சாம்பய்யா தெனமும் குடுக்கறாரு. யாருடி பெரியவங்க?" என்பாள் கருணம்மா. தும்மலபாடு காலனிக் கூட்டம் முழுக்கச் சிரிக்கும்.

அந்த மாத்திரையை நிலக்காரர் சாம்பய்யா பெரிய மனசு பண்ணித் தரவில்லை. சண்டை போட்டு வாங்கியது. வாங்கியவள் மார்த்தம்மா.

மார்த்தம்மா அந்தக் கூட்டத்தின் மேஸ்திரி. ஆள் திரட்டுவது, கூலி பேசுவது, எந்தக் காட்டுக்கு எந்த நாள் என்று தீர்மானிப்பது எல்லாம் அவள்தான். நெடுநெடுவென்ற உடம்பு. சேலைக்கு மேல் புருஷனின் முழுக்கைச் சட்டை. குரல் கொடுத்தால் மூன்று காடு தாண்டிக் கேட்கும். மிளகாய் எல்லாக் காட்டிலும் ஒரே சமயத்தில் பழுக்கும். அந்த வாரங்களில் நிலக்காரர்கள் கூட்டங்களைத் தேடி அலைவார்கள். அப்போது பேரம் பேசத் தெரிந்தவள்தான் மேஸ்திரி. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து ஊர் நிலக்காரர் ஒருவர் வலி மாத்திரை கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டதும் அவள் நேரே சாம்பய்யாவின் வாசலில் போய் நின்றாள்.

"அங்க குடுக்கறாங்க. நீங்க குடுக்கலேன்னா நாளைக்கு ஆட்டோ காலியாத்தான் வரும்."

"என்ன மார்த்தம்மா, நான் மருந்துக்கடையா வெச்சிருக்கேன்?"

"எங்க இடுப்பு மட்டும் என்ன இரும்புக்கடையா?"

சாம்பய்யா முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். ஒரு மாத்திரையின் விலைக்கு ஒரு மணி நேர வேலை கிடைக்கிறது என்று அந்தப் பருவம் முடிவதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு கூலி தள்ளிப் போனாலும் மாத்திரை தள்ளிப் போனதில்லை. மாத்திரை தராத நிலக்காரரைக் கஞ்சன் என்று பெண்களே ஏசினார்கள்.

வலி என்பது உடம்பு போடும் கூச்சல். கூலிக்காரியின் உடம்பு கூச்சல் போட்டால் அறுவடை நிற்கும். அறுவடை நிற்கக் கூடாது என்றால் ஒன்று அவளை உட்கார வைக்க வேண்டும், இல்லை கூச்சலை அடைக்க வேண்டும். இரண்டில் எது மலிவோ அது நடந்தது. அதை வெற்றி என்று நம்ப வைத்ததுதான் கொடுமை.

மேஸ்திரி என்பதால் மார்த்தம்மாவுக்கு விடியலில் ஆட்டோ ஏறும் முன்னாலும் ஒன்று உண்டு. வெயிலில் தண்ணீர் குடிக்க நேரமில்லை. சோற்றுக்கு ஆவக்காய் ஊறுகாய் இல்லாமல் இறங்காது. ரத்த அழுத்தம் என்று ஒன்று இருப்பது தெரியும், அது நிலம் வைத்திருக்கிறவர்களுக்கு வருவது என்று நினைத்திருந்தாள்.

கடைசிப் பறிப்பு, மார்ச் மாத வெயில். டீ வந்த நேரம். மார்த்தம்மா டம்ளரை வாங்கினாள். அது கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவள் அப்படியே வலது பக்கமாகச் சாய்ந்து செடிகளின் மேல் உட்கார்ந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

"என்ன வதினா, செடிய ஒடிச்சிட்டே," என்று அண்ணியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்த நாத்தனார் கருணம்மா, முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

மிளகாய் நெடியும் வெயிலும் சேர்ந்தால் மயக்கம் வருவது அங்கே வழக்கம். அதற்கு வைத்தியமும் வழக்கமானதுதான். நிழலுக்கு இழுத்துப் போனார்கள். முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். ஒருத்தி தன் பங்கு மாத்திரையை அவள் வாயில் வைத்து டீயை ஊற்றினாள். டீ கடைவாயில் வழிந்தது. மாத்திரை உள்ளே போனது. தனக்கு என்ன ஆகிறது என்று மார்த்தம்மாவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. சொல் உள்ளே தயாராக நின்றது. நாக்கு வழி விடவில்லை.

அங்கிருந்து ஊசி டாக்டர் பசவய்யாவிடம். எந்தப் படிப்பும் படிக்காமல் அந்தச் சுற்று வட்டாரம் முழுவதற்கும் டாக்டர் அவர்தான். கூப்பிட்டால் வருவார், கடன் சொல்லலாம், அன்பாகப் பேசுவார். அதெல்லாம் உண்மை. "நரம்புத் தளர்ச்சி" என்று சொல்லி அதே வலி மருந்தை ஊசியாக இடுப்பில் போட்டார் என்பதும் உண்மை. அன்றைக்கு அங்கேயே படுக்க வைத்துவிட்டார். மறுநாள் காலையில் கையும் காலும் மரக்கட்டையாகக் கிடந்தபோதுதான் குண்டூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ கிளம்பியது.

அங்கே இருந்த பெண் டாக்டர், ஜோத்ஸ்னா என்று பெயர், தலையை ஸ்கேன் எடுத்த படத்தைப் பார்த்தார். அழுத்தத்தை அளந்து பார்த்துவிட்டு இன்னொரு தடவை அளந்தார். மூளைக்குப் போகும் குழாயில் ரத்தக் கட்டி அடைத்திருக்கிறது என்றார்.

"நேத்து விழுந்த உடனே வந்திருந்தா கட்டியக் கரைக்கற ஊசி போட்டிருக்கலாம். அந்த நேரம் தாண்டிடுச்சு. சரி, வழக்கமா என்ன மாத்திரை சாப்பிடுவாங்க?"

"ஒண்ணும் சாப்பிட மாட்டாங்க," என்றாள் கருணம்மா. "டீ மாத்திரை மட்டும்தான்."

"அது என்ன டீ மாத்திரை?"

கருணம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்ததைக் காட்டினாள். டாக்டர் அட்டையைத் திருப்பிப் படித்தார். டைக்ளோஃபெனாக்.

"எத்தனை வருஷமா?"

அவள் சொன்னாள். டாக்டர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். "இதனாலதான் வந்துச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். அழுத்தம் ஏற்கனவே இருந்திருக்கும், யாரும் பாக்கல. ஆனா இந்த மாத்திரை உடம்புல உப்பையும் தண்ணியையும் தேக்கி அழுத்தத்த இன்னும் ஏத்தும். தினமும் போட்டா மாரடைப்பு, பக்கவாதம் வர்றதுக்கு வாய்ப்பு கூடும். அதுவும் தண்ணி குடிக்காம வெயில்ல நிக்கறவங்க இதப் போட்டா சிறுநீரகமும் போகும். ஒரு நாள் ரெண்டு நாள் வலிக்கு நல்ல மருந்துதான். தீவனம் மாதிரி தினமும் போடறதுக்கு இல்ல."

கட்டிலில் கிடந்த மார்த்தம்மா ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டாள். பொய் சொல்லாமல், பயமுறுத்தாமல், தெரிந்தது இவ்வளவு தெரியாதது இவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் ஒருத்தியை அவள் அதுவரை பார்த்ததில்லை. சாம்பய்யாவின் வாசலில் தான் நின்ற நாள் ஞாபகம் வந்தது. கண்ணில் நீர் வரவில்லை. கோபம் வந்தது. எதை ஜெயித்து வாங்கினாளோ அதைத் தோற்க வைக்க வேண்டும் என்று அந்தக் கட்டிலில்தான் முடிவு செய்தாள். அடுத்த பருவம் தொடங்குவதற்குள்.

வீட்டுக்கு அனுப்பும்போது அழுத்தத்துக்கு ஒன்று, ரத்தம் கட்டாமல் இருக்கச் சின்னதாக ஆஸ்பிரின் ஒன்று என்று மாத்திரை கொடுத்தார்கள். கருணம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். "ஆஸ்பிரின்னா தலைவலி மாத்திரைதானே? வலி மாத்திரை வேண்டாங்கறீங்க, அப்புறம் வலி மாத்திரையவே குடுக்கறீங்க?"

"ஒரே குடும்பம்தான். ஆனா ஒரு வீட்டுல அக்கா ஒரு மாதிரி, தங்கச்சி ஒரு மாதிரி இல்லியா? இது இந்தச் சின்ன அளவுல ரத்தம் கட்டாம பாத்துக்கும். கூட வேற வலி மாத்திரை போட்டா இது வேலை செய்யாமப் போகலாம். ரத்தமும் கசியலாம். என்னைக் கேக்காம எதையும் சேக்காதீங்க."

"எங்க வீட்டுல வதினா, நாத்தனார் ரெண்டு பேருமே ஒரே மாதிரிதான் டாக்டரம்மா. வாய் ஓயாது," என்றாள் கருணம்மா. கட்டிலில் மார்த்தம்மாவின் பாதி முகம் சிரித்தது.

ஊருக்குத் திரும்பியதும் வைத்தியங்கள் வரிசை கட்டி வந்தன. பக்கவாதத்துக்குப் புறா ரத்தம் தேய்க்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரி ஒரு கூடையில் உயிரோடு புறாவைக் கொண்டுவந்து வைத்தாள். கத்தி எடுக்க அவள் திரும்பிய நேரத்தில் மார்த்தம்மா இடது கையால் கூடையைத் தள்ளிவிட்டாள். புறா கூரைக்கு மேலே போய்விட்டது. "பத்து நாளைக்குள்ள கை எழும்பியிருக்கும், பாவி," என்று திட்டினாள் பக்கத்து வீட்டுக்காரி. பாதிரியார் வந்து இது கர்த்தரின் சோதனை என்றார். மார்த்தம்மா வாயைத் திறந்து எதையோ சொல்ல முயன்றாள். அவர் ஸ்தோத்திரம் என்று நினைத்துக்கொண்டார். அது ஸ்தோத்திரம் இல்லை.

கை எழும்ப ஒரே வழி, அதை எழுப்பிக்கொண்டே இருப்பதுதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவள் புருஷன் சாலமோன் அதிகம் பேசாத மனிதன். காலையில் வேலைக்குப் போகும் முன்னும் சாயங்காலம் வந்த பிறகும் அவள் கையைப் பிடித்து மடக்கி நீட்டுவான். பகலில் அவளே ஒரு தாம்பாளத்தில் காய்ந்த மிளகாயைக் கொட்டிக்கொண்டு வலது கை விரல்களால் காம்பு கிள்ளப் பார்ப்பாள். மிளகாய் நழுவும். மறுபடி பிடிப்பாள். வாயால் எண்களைச் சொல்லிப் பழகுவாள். பெருமாள் கோயில் மணியையும் சர்ச் மணியையும் விட அந்தத் தெருவில் அதிகம் கேட்டது அவள் எண்ணும் சத்தம்தான்.

ஆனால் தோள் வலித்தது. சோர்ந்த கையின் கனம் தோள் மூட்டை இழுத்தது. ஒரு நாள் கையை நீட்டும்போது அவள் கத்தியது தெரு முனை வரை கேட்டது. பசவய்யா தானாகவே பையோடு வந்துவிட்டார்.

"ஒரே ஒரு ஊசி, மார்த்தம்மா. வலியும் போகும், மூளையில இருக்கற வீக்கமும் வடியும். வீக்கம் வடிஞ்சா கை தானா எழும்பும். இப்ப வெளிநாட்டுலயே அப்படித்தான் பண்றாங்க."

கையெழும்பும் என்ற வார்த்தை அவளை அசைத்தது. பொய் என்று உடனே தள்ள முடியவில்லை. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது சாலமோன் அதை டாக்டரிடம் கேட்டான். டாக்டர் ஜோத்ஸ்னா சிரிக்கவில்லை. "அடைப்புக்கு அப்புறம் மூளையில புண்ணாகி வீங்கறது நிஜம். அத அடக்கினா சீக்கிரம் தேறுவாங்களான்னு பல இடத்துல ஆராய்ச்சி நடக்குது. இந்த வலி மருந்து அதுக்கு உதவும்னு யாரும் நிரூபிக்கல. கெடுதல் பண்ணும்னு மட்டும் தெரியும். தோள் வலிக்குப் பாராசிட்டமால் தர்றேன், அளவோட. கைக்குக் கீழ தலகாணி வெச்சு, தொங்க விடாம பாத்துக்குங்க."

அரை உண்மையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாக விற்கிறவனை விட ஆபத்தானவன் எவனும் இல்லை. முழுப் பொய்யைப் பாமரனும் கண்டுபிடித்துவிடுவான். அதற்குப் பிறகு பசவய்யா வந்தால் மார்த்தம்மா எண்களை உரக்கச் சொல்ல ஆரம்பித்துவிடுவாள். அவர் பேச இடம் கிடைக்காது.

டிசம்பரில் அவள் கோல் ஊன்றி நடந்தாள். பேச்சு வந்தது. ஒவ்வொரு வார்த்தையும் சேற்றில் காலைப் பிடுங்கி வைப்பதுபோல வந்தது. கூட்டத்துப் பெண்களை வீட்டுக்கு வரச் சொல்லி, இந்த வருஷம் மாத்திரை வேண்டாம் என்றாள். சாம்பய்யாவோடு போட்ட சண்டையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

"உனக்கு வந்துச்சுன்னு எங்களுக்கும் நிறுத்துவியா?" என்றாள் ஒருத்தி.

"குனிஞ்சு பாரு வதினா, தெரியும். இப்ப நீ குனியறதே இல்ல, அதான் பேசறே," என்றாள் கருணம்மாவே.

அது உறைத்தது. அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. வலியைப் பொறுத்துக்கொள் என்று சொல்ல அவள் வரவில்லை. அதைச் சொல்வதற்குத்தான் நிலக்காரர்களும் சாமியார்களும் இருக்கிறார்களே.

"வலிய... பொறுக்க... வேண்டாம்," என்றாள். "வலி... வராம... உக்காரணும். மத்தியானம்... ஒரு மணி நேரம். நிழல்ல. படுக்கணும்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மிளகாய்ப் பருவத்தில் மத்தியானம் படுப்பதா? சோறு தின்பதே நின்றுகொண்டுதான்.

"குடுக்க மாட்டாங்க," என்றார்கள்.

"மாத்திரையும்... குடுக்க மாட்டேன்னுதான்... சொன்னான்."

கடைசியில் கருணம்மா ஒரு வழி சொன்னாள். "வதினா பேசி முடிக்கற வரைக்கும் நாம வரப்புல உக்காருவோம். ஜெயிச்சா படுப்போம். தோத்தா மாத்திரைய வாங்கிக்கிட்டு உள்ள இறங்குவோம். இத்தன வருஷம் நமக்காகப் பேசினவளுக்கு ஒரு காலைப்பொழுது குடுக்கக் கூடாதா?"

சங்கராந்தி முடிந்து முதல் பறிப்பு. ஆட்டோவிலிருந்து கோலோடு இறங்கிய மார்த்தம்மாவைப் பார்த்துச் சாம்பய்யா திகைத்தார். "நீ எதுக்கு வந்தே? வீட்ல கெடக்க வேண்டியதுதானே. கருணம்மாகிட்டப் பேசிக்கறேன்."

மார்த்தம்மா வரப்பில் உட்கார்ந்தாள். பின்னால் எல்லாரும் உட்கார்ந்தார்கள். காடு செக்கச்செவேல் என்று பழுத்துக் கிடந்தது. பக்கத்துக் காட்டில் வேறு கூட்டம் இறங்கிப் பாதி வரிசை போயிருந்தது.

"அய்யா... இந்த வருஷம்... மாத்திரை..."

"மாத்திரைதானே? வாங்கி வெச்சுட்டேன். போங்க போங்க, வெயில் ஏறுது."

மார்த்தம்மா தலையை ஆட்டினாள். முதலிலிருந்து தொடங்கினாள். "அய்யா... இந்த வருஷம்... மாத்திரை... வேண்டாம். அதுக்குப் பதிலா..."

"வேண்டாமா? சரி, அந்தக் காச கூலில சேத்துக்கலாம். எழுந்திரிங்க."

"அய்யா... இந்த வருஷம்..."

பின்னாலிருந்து யாரோ களுக் என்றார்கள். சாம்பய்யா எத்தனை முறை குறுக்கே விழுந்தாரோ அத்தனை முறையும் அவள் "அய்யா"விலிருந்து ஆரம்பித்தாள். கோபப்படவில்லை. அவசரப்படவும் முடியாது. தன் நாக்குக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு எடுத்துக்கொண்டாள். அந்த நேரம் முழுவதும் சாம்பய்யாவுடையது. பனி ஈரம் வற்றிக்கொண்டிருந்தது. முன்பு அவள் சத்தம் போட்டபோது அவரும் சத்தம் போட்டு ஜெயிக்கப் பார்த்தார். இந்த மெதுவான பேச்சோடு எப்படிச் சண்டை போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாயை மூடி நின்றார்.

அவள் முழுதும் சொன்னாள். தார்ப்பாய் கட்டி நிழல். குடத்தில் தண்ணீர். மத்தியானம் ஒரு மணி நேரம்.

"அரை மணி," என்றார் சாம்பய்யா.

மார்த்தம்மா மூச்சை இழுத்தாள். "அய்யா..."

"போதும் தாயே. ஒரு மணி நேரம். எழுந்திரிங்க."

பெண்கள் சிரித்துக்கொண்டே காட்டில் இறங்கினார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். ரெண்டு மூன்று பேர் பெட்டிக்கடையில் தாங்களே அட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார்கள், மார்த்தம்மாவுக்கும் அது தெரியும். பல வருஷப் பழக்கம் ஒரு காலையில் போகாது. முதல் நாள் தார்ப்பாய்க்கு அடியில் படுக்கத் தெரியாமல் நெளிந்தார்கள். ரெண்டாம் நாள் குறட்டை கேட்டது.

அந்த வாரமே அவள் இன்னொன்றும் செய்தாள். சுகாதார நர்ஸ் நாகமணி மாதாமாதம் காலனிக்கு வருவாள். வரும்போது பெண்கள் எல்லாரும் காட்டில் இருப்பார்கள். கிழடுகளுக்கு அழுத்தம் பார்த்துவிட்டுப் போவாள். மார்த்தம்மா அவளைக் காட்டுக்கே வரவழைத்தாள். மத்தியானம் தார்ப்பாய்க்குக் கீழே எல்லாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது அரசாங்கத்துக்கே முதல் முறை.

நாகமணி கருணம்மாவின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். பார்த்தாள். மறுபடி அடித்தாள்.

"என்ன, நாடி நின்னுபோச்சா?" என்று சிரித்தாள் கருணம்மா.

"அழுத்தம் நிறைய இருக்கு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வா. தெனமும் மாத்திரை போடணும்."

கருணம்மாவின் சிரிப்பு நின்றது. மார்த்தம்மாவின் கோணிய வாயையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சுதாரித்துக்கொண்டாள். "நல்லா இருக்கே. ஒரு மாசமா மாத்திரைய விடு, மாத்திரைய விடுன்னு என் உசுர வாங்கினே. இப்ப மாத்திரை போடுங்கறீங்க."

"அது... சாம்பய்யாவோட... வேலைக்கு," என்றாள் மார்த்தம்மா. "இது... உனக்கு."

"போடறேன், போடறேன். ஊறுகாயும் விடணுமா?"

மார்த்தம்மா பதில் சொல்ல வாயெடுத்தாள்.

"வேணாம் வதினா, நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள ஒரு மணி நேரமும் போயிடும்," என்று கருணம்மா தார்ப்பாயில் சாய்ந்து, சட்டைக் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். நாகமணி பட்டையை எடுத்துக்கொண்டு அடுத்தவள் பக்கம் நகர்ந்தாள்.